ஓமம் தளர்த்தும், விளக்கெண்ணெய் சுருக்கும்: வயிற்று மருந்துகள் குடல் தசையில் செய்யும் வேலை

திருநெல்வேலி டவுனிலோ பாளையங்கோட்டை மார்க்கெட்டிலோ ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய், "அண்ணாச்சி, வயிறு சரியில்ல, ஏதாவது குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். விவரமான கடைக்காரர் உடனே பொட்டலம் மடிக்க மாட்டார். "என்ன செய்யுது? பிடிச்சு இழுக்கா, வெளிய போகலையா, இல்ல போய்க்கிட்டே இருக்கா?" என்று கேட்பார். அவர் கேட்பது சரியான கேள்வி. ஓமம், சுக்கு, பெருங்காயம், விளக்கெண்ணெய், நிலவாகை என எல்லாவற்றையும் நாம் 'வயிற்று மருந்து' என்று ஒரே கூடையில் போட்டு வைத்திருக்கிறோம். உள்ளே போனதும் அவை ஒரே வேலையைச் செய்வதில்லை. ஓமம் குடல் தசையைத் தளர்த்துகிறது. விளக்கெண்ணெய் அதே தசையைச் சுருங்க வைக்கிறது. எது எதைச் செய்கிறது என்று தெரிந்தால் பாதி ஆபத்து குறைந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

நம் சொல் கேட்காத தசை

கையை மடக்க நினைத்தால் கை மடங்குகிறது. குடலைச் சுருக்க நினைத்தால் ஒன்றும் நடக்காது. இரைப்பை, குடல், சிறுநீர்ப்பை, கருப்பை, ரத்தக் குழாய்களின் சுவர் ஆகிய இடங்களில் இருப்பது மென்தசை. அது நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாது. மெதுவாகச் சுருங்கும், நெடுநேரம் சுருங்கியபடியே இருக்கும், அதற்குச் செலவாகும் சக்தியும் குறைவு.

சிறுகுடலின் சுவரில் இந்தத் தசை இரண்டு அடுக்காக இருக்கிறது. உள் அடுக்கு வளையம் வளையமாகச் சுற்றியிருக்கும், வெளி அடுக்கு நெடுக்கில் ஓடும். இரண்டுக்கும் நடுவே ஒரு நரம்பு வலை. 1862-ல் அதை விவரித்த ஜெர்மானியர் ஆயர்பாக்கின் பெயரிலேயே இன்றும் அது அழைக்கப்படுகிறது. இந்த வலையை ஒட்டிக் காஹால் செல்கள் என்ற சிறப்புச் செல்கள் இருக்கின்றன. இவைதான் தாளம் போடுகிறவை. இரைப்பையில் நிமிடத்துக்குச் சுமார் 3 மின்னலைகள், சிறுகுடலின் தொடக்கத்தில் சுமார் 12, அப்புறம் கீழே போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

1899-ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் நாயின் குடலை வைத்து ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். குடலுக்குள் ஒரு கட்டி உணவு இருந்தால் அதற்கு மேலே உள்ள பகுதி சுருங்குகிறது, கீழே உள்ள பகுதி தளர்கிறது. வெளியிலிருந்து வரும் நரம்புகளை வெட்டிவிட்ட பிறகும் இது நடந்தது. பால் கறக்கிறவர் விரல்களைக் கவனித்தால் இது சட்டென்று பிடிபடும். மேல் விரல் முதலில் இறுகும், பிறகு அடுத்தது, பிறகு அதற்கடுத்தது. பால் கீழே வரும். எல்லா விரல்களையும் ஒரேயடியாக இறுக்கினால் பால் வராது, மாட்டுக்குத்தான் வலிக்கும். குடலிலும் அப்படித்தான். ஒழுங்காகச் சுருங்கித் தளர்ந்தால் உணவு நகர்கிறது. ஒரே இடம் விடாமல் இறுகிக்கொண்டால் நகர்வது நிற்கிறது, 'பிடிச்சு இழுக்குது' என்கிற வலி வருகிறது.

இறுகச் சொல்வது கால்சியம்

மென்தசைச் செல்லுக்கு வெளியே உள்ள கால்சியத்தின் அடர்த்தி, ஓய்வாக இருக்கும்போது உள்ளே இருப்பதைப்போலச் சுமார் 10,000 மடங்கு. செல்லின் சவ்வில் உள்ள வாயில்கள் திறந்தால் கால்சியம் உள்ளே பாய்கிறது, கால்மாடுலின் என்ற புரதத்தோடு சேர்கிறது. அது ஒரு நொதியைத் தட்டி எழுப்ப, மயோசின் இழைகள் பிடித்து இழுக்கின்றன, தசை சுருங்குகிறது. கால்சியத்தை வெளியே தள்ளிவிட்டால் தளர்கிறது.

அந்த வாயில்களை யார் திறக்கிறார்கள்? நரம்பு முனையிலிருந்து வரும் அசிட்டைல்கோலின் ஒரு முக்கியமான ஆள். தசைச் செல்லின் மேல் ஏற்பிகள் என்ற புரதங்கள் இருக்கின்றன, சேதி கொண்டுவரும் பொருள்கள் வந்து உட்காரும் இடம் அவை. அவற்றில் மஸ்கரினிக் என்ற வகையில் அசிட்டைல்கோலின் போய் உட்கார்ந்தால் சுருக்கம் தொடங்கும். புரோஸ்டாகிளாண்டின், செரோடோனின் போன்றவையும் தங்கள் தங்கள் ஏற்பிகள் வழியே பேசுகின்றன. எதிர்ப்பக்கத்தில் நைட்ரிக் ஆக்ஸைடு தளரச் சொல்கிறது. ஒரு மூலிகைச் சேர்மம் குடலில் ஏதாவது செய்கிறது என்றால், பெரும்பாலும் இந்தச் சங்கிலியில் எங்கோ ஒரு கண்ணியைத் தொடுகிறது என்று அர்த்தம்.

எந்தக் கண்ணியைத் தொடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு 1904-ல் ஜெர்மனியில் ருடால்ஃப் மாக்னஸ் ஒரு வழி செய்தார். உடலை விட்டு வெளியே எடுத்த குடல் துண்டை, வெதுவெதுப்பான உப்புக் கரைசலில், ஆக்சிஜன் குமிழிகள் விட்டு வைத்தால் மணிக்கணக்கில் உயிரோடு அசைந்துகொண்டிருக்கும். மருந்தியல் ஆய்வுக்கூடங்களில் இன்றும் அதே முறைதான். முயலின் சிறுகுடலில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டு. ஒரு முனையை அடியில் கட்டி, இன்னொரு முனையை நூலால் நெம்புகோலோடு இணைப்பார்கள். கரைசல் 37 டிகிரி. துண்டு தானாகவே சுருங்கிச் சுருங்கி விரியும், நெம்புகோல் அலை அலையாகக் கோடு போடும். அந்தக் காலத்தில் புகை படிய வைத்த காகிதம் சுற்றிய உருளையில் அந்தக் கோடு வெள்ளையாக விழும், இப்போது கணினித் திரையில் வருகிறது.

இனிமேல்தான் சுவாரசியம். ஒரு துளி அசிட்டைல்கோலின் விட்டால் கோடு விருட்டென்று மேலே ஏறும். கழுவிவிட்டு அட்ரோபின் விட்டு, மறுபடி அசிட்டைல்கோலின் விட்டால் ஒன்றும் ஆகாது, ஏற்பிகளை அட்ரோபின் அடைத்துவிட்டது. ஆனால் பொட்டாசியம் அதிகமுள்ள கரைசலை ஊற்றினால் குடல் சுருங்கும். காரணம், பொட்டாசியம் ஏற்பிகளைக் கேட்பதில்லை, மின்னழுத்தத்தை மாற்றிக் கால்சியம் வாயில்களை நேரடியாகத் திறக்கிறது. அதை அட்ரோபினால் தடுக்க முடியாது. இப்போது நம் கையில் உள்ள மூலிகைச் சாறு பொட்டாசியச் சுருக்கத்தையும் தளர்த்துகிறதா? அப்படியானால் அது வேலை செய்வது ஏற்பியில் இல்லை, கால்சியம் வாயிலை ஒட்டித்தான் என்று ஊகிக்கலாம். வெறும் உப்பை வைத்தே இவ்வளவு தெளிவாகக் கேள்வி கேட்க முடிவதை நினைத்தால் எனக்கு இப்போதும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

தளர்த்துகிறவை

முயல் குடலில் ஓமச் சாறு இந்தப் பொட்டாசியப் பரீட்சையில் தேறியது. சுருங்கியிருந்த தசை தளர்ந்தது. ஓமத்தின் எண்ணெயில் பெரும்பங்கு தைமால், வாயில் போட்டவுடன் நாக்கு சுள்ளென்று எரிவதும் அதனால்தான். தைமாலும் அதன் உடன்பிறப்பான கார்வக்ராலும் கால்சியம் உள்ளே வருவதைக் குறைக்கின்றன. கற்பூரவல்லியை நம் வீடுகளில் ஓமவல்லி என்று சொல்வதுண்டு. செடி வேறு, குடும்பம் வேறு, ஆனால் இலையில் இருப்பவை இதே சேர்மங்கள், அதனால் அதே வாசம்.

வீட்டில் ஓமத் தண்ணீர் காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு விஷயம். தைமால் ஆவியாகிப் போகும். வீடு முழுக்க ஓம வாசம் மணந்தால், குடிக்க வேண்டியதில் ஒரு பங்கு காற்றில் போய்விட்டது. மூடி போட்டுக் காய்ச்சுங்கள். சித்த மருத்துவத்தில் ஓமத்தை வாலை என்ற வடிகலத்தில் வடித்துத் தீநீராக எடுக்கிறார்கள், அதில் ஆவி மறுபடி குளிர்ந்து பாத்திரத்துக்குள்ளேயே இறங்கிவிடுகிறது.

புதினா வகையைச் சேர்ந்த பெப்பர்மின்ட் எண்ணெயில் உள்ள மென்தாலும் இதே கால்சியம் வழியில்தான் வேலை செய்கிறது. எரிச்சல் கொண்ட குடல் நோய்க்கு டாக்டர்கள் அதை உறையிட்ட கேப்ஸ்யூலாகக் கொடுக்கிறார்கள். உறை எதற்கு என்றால், இரைப்பையிலேயே கரைந்தால் உணவுக்குழாயின் அடிவாயில் உள்ள வளையத் தசையும் தளர்ந்துவிடும், அமிலம் மேலே வந்து நெஞ்சு எரியும். தளர்த்துவது எல்லா இடத்திலும் நல்லதில்லை.

சுக்கு கொஞ்சம் சிக்கலான ஆள். இஞ்சியில் இருப்பது ஜிஞ்சரால், காயும்போது அதில் ஒரு பகுதி ஷோகாலாக மாறுகிறது, காரம் கூடுவது அதனால். விலங்குகளில் பார்த்தபோது இஞ்சிச் சாறு இரைப்பைத் தசையை மஸ்கரினிக் ஏற்பி வழியே முடுக்கிவிட்டது, அதே சாறு குடல் தசையைக் கால்சியம் வழியே தளர்த்தியது. மனிதர்களிடம் செய்த சோதனைகளிலும் இஞ்சி கொடுத்தபோது இரைப்பை சீக்கிரம் காலியானது. கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கு மேல் அல்வாவும் ஏற்றிக்கொண்டு, வயிறு திம்மென்று இருக்கும்போது கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி இதமாக இருப்பதற்கு இதில் ஓரளவு விளக்கம் கிடைக்கிறது. இதைத் தவிர, குமட்டலைத் தூண்டும் ஒரு வகைச் செரோடோனின் ஏற்பியையும் ஜிஞ்சரால் தடுக்கிறது. வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டன்செட்ரான் மாத்திரை தடுப்பதும் அதே ஏற்பியைத்தான்.

அடுத்து ஊமத்தை. குப்பைமேட்டிலும் ரோட்டோரத்திலும் தானாக வளரும் இந்தச் செடியில் அட்ரோபின், ஸ்கோபலமின் வகைச் சேர்மங்கள் இருக்கின்றன. மஸ்கரினிக் ஏற்பியை முழுசாக அடைப்பவை. குடல் இழுப்பை நிறுத்தும் ஆற்றல் இதற்கு உண்டு. ஆனால் அந்த ஏற்பி உடல் முழுக்க இருக்கிறது. வாய் வறண்டு, பாவை விரிந்து, நெஞ்சு படபடத்து, சிறுநீர் அடைத்து, மூளைக்கும் ஏறிப் புத்தி பிறழும். உயிரே போகலாம். ஒவ்வொரு செடியிலும் அளவு மாறும் என்பதால் வீட்டில் யாராலும் அளந்து கொடுக்க முடியாது. யார் சொன்னாலும் வாயில் வைக்காதீர்கள். மருந்தியலார் என்ன செய்தார்கள் என்றால், ஸ்கோபலமினை எடுத்து அதன் மூலக்கூறில் நிரந்தர மின்னூட்டம் இருக்கும்படி மாற்றினார்கள். மின்னூட்டம் உள்ள பொருள் மூளைக்குள் எளிதில் நுழையாது. வயிற்றுவலிக்குப் போடும் பஸ்கோபான் ஊசி இப்படி வந்ததுதான், 1950-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது.

அபினிச் செடி இன்னொரு பாடம். அதிலிருந்து 1848-ல் கியோர்க் மெர்க் பிரித்தெடுத்த பாப்பாவரின் மென்தசையைத் தளர்த்துகிறது. மெடிக்கல் ஷாப்பில் வயிற்றுவலிக்கு வாங்கும் ட்ரோட்டாவெரின் அதைப் பார்த்துச் செய்தது. அதே செடியில் உள்ள மார்ஃபின் நேர்மாறு. தசையை இறுகிய நிலையில் வைத்து, முன்னே தள்ளும் அலையை நிறுத்திவிடும், மலம் கட்டும். 'இந்தச் செடி குடலுக்கு நல்லது' என்ற பேச்சு ஏன் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தள்ளுகிறவை

விளக்கெண்ணெய் குடித்த முகம் எப்படி இருக்கும் என்று ஊரில் ஒரு தலைமுறைக்கே தெரியும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துப் பேதிக்குக் கொடுத்தது அப்போதைய வழக்கம். எண்ணெய் சிறுகுடலில் உடைந்து ரிசினோலிக் அமிலமாகிறது. அது குடலை உறுத்துவதால்தான் பேதியாகிறது என்று நெடுநாள் பொதுவாகச் சொல்லிவந்தார்கள். 2012-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் எலிகளில் பார்த்துத் தெளிவாகச் சொன்னார்கள்: இந்த அமிலம், மென்தசையின் மேல் உள்ள ஈபி3 என்ற புரோஸ்டாகிளாண்டின் ஏற்பியில் நேராகப் போய் உட்காருகிறது. அந்த ஏற்பி நீக்கப்பட்ட எலிகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்தும் பேதியாகவில்லை. அதே ஏற்பி கருப்பைத் தசையிலும் இருக்கிறது. பிரசவ வலி வருவதற்கு விளக்கெண்ணெய் கொடுக்கும் பழைய வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும், கர்ப்பிணிகள் பேதிக்காக அதைத் தொடக் கூடாது என்பதும் இந்த ஒரே உண்மையிலிருந்து விளங்குகிறது.

இப்போது நம் சீமையின் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோன செடிக்கு வருவோம். பிரிட்டிஷ் மருந்துநூலில் 'டின்னவெலி சென்னா' என்றே ஒரு பெயர் உண்டு. அது நிலவாகை. அரேபியாவிலிருந்து வந்து தெற்குச் சீமையின் வறண்ட மண்ணில் வேர்பிடித்தது. நம் காடுகரையெல்லாம் மஞ்சளாகப் பூக்கும் ஆவாரைக்கு நெருங்கிய உறவு. பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1986-ல் பிரிந்த தூத்துக்குடி மாவட்டத்தில் மானாவாரியாகப் பயிராகிறது. இலை நீலம் கலந்த பச்சையில் கெட்டிப்படும்போது கையால் உருவி, வெயில் படாமல் நிழலில் மெல்லிசாகப் பரப்பிக் காய வைப்பார்கள். வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துவிடும், விலை போகாது. காய்ந்த இலையும் தட்டையான காயும் தூத்துக்குடித் துறைமுகம் வழியே கப்பல் ஏறுகின்றன.

இதன் மருந்துச் சத்து சென்னோசைடு. அது இயங்கும் விதம் மற்ற எல்லாவற்றிலிருந்தும் வேறு. சென்னோசைடில் சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டியிருப்பதால் சிறுகுடல் அதை உறிஞ்சுவதில்லை, ஏறத்தாழ அப்படியே பெருங்குடலுக்கு இறங்கிப் போகிறது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரையை வெட்டி எடுத்து, மீதியை ரைன் ஆந்த்ரோன் என்ற பொருளாக மாற்றுகின்றன. தசையைத் தள்ளவைப்பது இந்த இரண்டாவது பொருள்தான். பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குச் சென்னோசைடு கொடுத்தால் பேதியாவதில்லை; அந்த மாற்றத்தைச் செய்யும் பாக்டீரியாவை அவற்றின் குடலில் குடியேற்றிய பிறகு ஆகிறது. மருந்தின் கடைசிக் கட்டத் தயாரிப்பு நம் வயிற்றுக்குள்ளேயே நடக்கிறது! ரைன் ஆந்த்ரோன் பெருங்குடலின் முன்தள்ளும் அலைகளைக் கூட்டுகிறது, தண்ணீர் உறிஞ்சப்படுவதையும் குறைக்கிறது.

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும், 6 முதல் 12 மணி நேரம். ராத்திரி படுக்கப்போகும்போது குடித்தால் காலையில் வேலை செய்வது இதனால்தான். இது தெரியாமல், குடித்து இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் கேக்கல" என்று இன்னொரு டம்ளர் போட்டுக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மறுநாள் காலையில் இரண்டு டம்ளரும் சேர்ந்து வேலை செய்யும், வயிறு முறுக்கி எடுத்துவிடும்.

தினமும் குடிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பேதியோடு பொட்டாசியமும் வெளியே போகிறது. உடலில் பொட்டாசியம் ரொம்பக் குறைந்தால் குடல் தசையே சோர்ந்துவிடும், மலச்சிக்கல் கூடும். அதற்கு மறுபடி நிலவாகை. இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது தீர்வாகாது. நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களும், இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் பேதி மருந்து எடுக்கவே கூடாது, அவர்களுக்குப் பொட்டாசியம் குறைவது இதயத் துடிப்பையே பாதிக்கும்.

கண்ணாடிக் குழாயும் நம் வயிறும்

இங்கே ஓர் எச்சரிக்கை. முயல் குடலில் ஒரு சாறு தளர்வு உண்டாக்கியது என்பதும், அதைக் குடித்த மனிதரின் வலி போகும் என்பதும் ஒன்றல்ல. கண்ணாடிக் குழாயில் மருந்து தசையை நேரடியாகத் தொடுகிறது. நாம் குடிக்கும்போது இரைப்பை அமிலத்தையும் குடல் சுவரையும் கல்லீரலையும் கடக்க வேண்டும். தைமாலில் பெரும்பகுதி மேல் குடலிலேயே உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் வேறு பொருளாக மாறிவிடும். அதனால் 'ஆய்வில் நிரூபணம்' என்று எங்காவது படித்தால், எதன் குடலில், எவ்வளவு அளவில் என்று பாருங்கள். வில்வக்காய், பெருங்காயம், ஏலம் என்று நம் சமையலறையிலும் மருந்துப் பெட்டியிலும் உள்ள பலவற்றுக்கு ஆய்வுக்கூடச் சான்று இருக்கிறது, மனிதர்களிடம் சரியாகச் சோதித்த சான்று மிகக் குறைவு. பெப்பர்மின்ட் எண்ணெய்க்கும் நிலவாகைக்கும் அது நன்றாகவே இருக்கிறது.

பிள்ளை வளர்ப்பான் என்று பேர்பெற்ற வசம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விளக்கில் சுட்டு, கல்லில் இழைத்துக் கைக்குழந்தையின் நாக்கில் தடவுகிறார்கள். வசம்புச் சாறு ஆய்வுக்கூடத்தில் குடல் தசையைத் தளர்த்துவது உண்மை. ஆனால் நம் நாட்டு வசம்பின் எண்ணெயில் பீட்டா-ஆசரோன் அதிகம், எலிகளுக்கு அது புற்றுநோய் உண்டாக்கியது, அமெரிக்காவில் 1968-லேயே உணவில் வசம்பு சேர்க்கத் தடை வந்துவிட்டது. சில கிலோ எடையுள்ள குழந்தைக்கு அளவு தெரியாமல் எதையும் உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று ஆச்சிமாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போவதே சரி. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாட்டு மருந்தில் நம்பிக்கை உள்ளவர்கள் அங்கே போய்ப் படித்த வைத்தியரிடமே கேட்கலாம்.

தளர்த்துவதும் தள்ளுவதும் இரண்டுமே கூடாத வலிகள் உண்டு. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, கூடவே காய்ச்சல் அல்லது வாந்தி என்றால் அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அந்த நேரத்தில் விளக்கெண்ணெயோ நிலவாகையோ கொடுத்துக் குடலை முடுக்கினால் அழற்சி கண்ட குடல்வால் வெடிக்கும் ஆபத்து கூடும். வயிறு உப்பி, மலமும் காற்றும் இரண்டும் போகாமல், வாந்தி வந்துகொண்டே இருந்தால் குடலில் அடைப்பு இருக்கலாம். அடைப்புக்கு மேலே உள்ள தசை ஏற்கெனவே முழு வேகத்தில் தள்ளிக்கொண்டிருக்கிறது, அதை இன்னும் தள்ளச் சொன்னால் குடல் கிழியலாம். ஓமமோ மாத்திரையோ கொடுத்துத் தளர்த்தினால் வலி கொஞ்சம் அடங்கி நேரம் வீணாகும். வயிறு பலகை மாதிரி விறைத்துப் போனாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும் இதே கதைதான். வாயில் எதையும் கொடுக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால், என்ன கொடுத்தீர்கள், எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.